பதினைந்தால் பெருக்கு

முப்பத்தெட்டு வயதில் ஒருவர் சாலை விபத்தில் இறந்துபோனால், அவருடைய குடும்பத்துக்கான எண் 15. இறந்தவருக்கு இருபத்து நான்கு வயது என்றால் 18. அறுபத்து மூன்று என்றால் 7. அறுபத்தைந்தைத் தாண்டியவர் என்றால் 5. கன்னியாகுமரியிலும் காஷ்மீரிலும், விபத்து நஷ்டஈட்டு வழக்கை விசாரிக்கும் தீர்ப்பாயங்கள் இந்த எண்களைத்தான் கையில் எடுக்கின்றன. இறந்தவர் ஓர் ஆண்டில் வீட்டுக்குக் கொடுத்துவந்தது எவ்வளவு என்று கணக்கிட்டு, அதை இந்த எண்ணால் பெருக்கினால் இழப்பீட்டின் பெரும்பகுதி வந்துவிடும். வக்கீல்கள் இதை ‘மல்டிப்ளையர்’ என்பார்கள். பெருக்கெண் என்று வைத்துக்கொள்ளலாம்.

முதல்முறை கேட்கும்போது நெஞ்சை அறுக்கும். ஒரு மனுஷியின் வாழ்க்கையைப் பதினைந்தால் பெருக்குவதா? ஆனால் அந்தப் பதினைந்து எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனபோது எனக்கு அதன்மேல் மரியாதை வந்துவிட்டது. அதற்குப் பின்னால் வானியல் இருக்கிறது, வட்டிக் கணக்கு இருக்கிறது, இருநூறு ஆண்டு அழுகை இருக்கிறது.

கலசப்பாக்கம் பக்கத்துக் கிராமம் ஒன்றில் ஒரு பெண்மணி என்று வைத்துக்கொள்வோம். வயது 38. விடிவதற்குள் இரண்டு மாட்டைக் கறந்து பால் சொசைட்டியில் ஊற்றிவிட்டு, நாற்று நடவோ களை எடுக்கவோ போகிறவர். அதுவும் இல்லாத நாளில் நூறு நாள் வேலை. வீட்டில் கணவர், மாமியார், பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள். மேற்கே பர்வதமலை, அதற்கும் அப்பால் ஜவ்வாது மலைத் தொடர். ஒரு மாலை, போளூர் சாலையோரம் நடந்துவருகிறவர்மீது பின்னால் வந்த லாரி மோதிவிடுகிறது. இவரை நான் கற்பனை செய்துதான் எழுதுகிறேன். ஆனால் 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். அவர்களில் தமிழ்நாட்டில் இறந்தவர்கள் 17,884 பேர். கற்பனைக்கு அதிகம் சிரமப்பட வேண்டியதில்லை.

இந்த வீட்டுக்குச் சட்டம் ஏதாவது கொடுக்கவேண்டும் என்ற எண்ணமே புதியது. 1808இல் இங்கிலாந்தில் ஒரு வழக்கு. போர்ட்ஸ்மத்திலிருந்து லண்டன் போன குதிரைக் கோச்சு வண்டி கவிழ்ந்தது. கணவனுக்குச் சிராய்ப்பு. மனைவி ஒரு மாதம் கிடந்து இறந்தாள். கணவன் வழக்குப் போட்டபோது நீதிபதி எல்லன்பரோ பிரபு சொன்னதன் சாரம் இது: ஒரு மனித உயிரின் மரணத்தை உரிமையியல் நீதிமன்றத்தில் நஷ்டமாகக் காட்ட முடியாது. கணவனுடைய காயத்துக்கும், மனைவி படுத்துக் கிடந்த அந்த ஒரு மாதத்துக்கும் சேர்த்து நூறு பவுண்டு கிடைத்தது. அவள் மூச்சு நின்ற கணத்திலிருந்து கணக்கு பூஜ்யம். அதாவது ஒருவரை முடமாக்கியவன் பணம் கட்டவேண்டும். கொன்றுவிட்டால் அந்தக் குடும்பத்துக்கு ஒன்றும் கட்டவேண்டாம். இந்த விசித்திரம் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் அங்கே சட்டமாக நின்றது.

அதே நாட்டில் இன்னொரு பழைய வழக்கமும் இருந்தது. ஒரு மனிதனைக் கொன்ற பொருள், வண்டிச் சக்கரமோ மாடோ எதுவானாலும், கடவுளுக்கு உரியதாகிவிடும்; நடைமுறையில் அதன் மதிப்பு அரசருக்குப் போகும். ரயில் வந்ததும் இந்த வழக்கம் திணறிப்போனது. 1841 டிசம்பர் 24 அதிகாலை, சோனிங் என்ற இடத்தில், மழையில் சரிந்துகிடந்த மண்மேட்டில் ஒரு சரக்கு ரயில் மோதியது. இறந்தவர்கள் லண்டனில் பாராளுமன்றக் கட்டடத்தைக் கட்டிக்கொண்டிருந்த கூலித் தொழிலாளிகள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள். சரக்கு ரயிலில் கோக்கப்பட்டிருந்த, மேலே கூரை இல்லாத, பக்கப் பலகை தாழ்ந்த பெட்டிகளில் உட்கார்ந்து வந்தவர்கள். மரண விசாரணை நடத்திய ஜூரிகள் கோபத்தில் ரயில் எஞ்சினுக்கு ஆயிரம் பவுண்டு விதித்தார்கள். அதில் ஒரு பென்னிகூட விதவைகளுக்கு உரியதில்லை.

இந்தச் சரக்குப் பெட்டியைக் கொஞ்சம் நினைவில் வைத்திருங்கள். ஜவ்வாது மலையில் அதை மறுபடி பார்க்கப்போகிறோம்.

1846இல் காம்பெல் பிரபு கொண்டுவந்த சட்டம்தான் கதவைத் திறந்தது. இறந்தவரின் மனைவி, கணவன், பெற்றோர், பிள்ளைகள் நஷ்டஈடு கேட்கலாம் என்றது. எஞ்சினைக் கடவுளுக்குக் கொடுக்கும் வழக்கமும் அதே ஆண்டு ஒழிந்தது. ஒன்பது ஆண்டு கழித்து, 1855இல், இந்தியாவுக்கும் அதைப் போன்ற ஒரு சட்டம் வந்தது. நம் ஊர்ப் பேருந்துகளுக்கு அதுதான் நெடுங்காலம் பொருந்தியது. 1947 செப்டம்பரில் பழனிக்கும் தாராபுரத்துக்கும் இடையே ஓடிய கோபால்ட் மோட்டார் சர்வீஸ் பேருந்து விபத்துக்குள்ளாகி ஒரு பயணி இறந்தார். குடும்பம் தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1961இல் முடிந்தது. இறந்தவரால் குடும்பம் இழந்தது ஒரு கணக்கு, இறந்தவரே இழந்த வாழ்நாள் இன்னொரு கணக்கு. இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்றாக இரட்டிப்பாக எண்ணக்கூடாது என்று அந்தத் தீர்ப்பு பிரித்துக் காட்டியது. விபத்துக் கணக்குப் படிக்கிற வக்கீல்களுக்கு அது இன்றும் பாடம்.

இனி பதினைந்துக்கு வருவோம்.

நம் பெண்மணி இன்னும் முப்பது ஆண்டாவது உழைத்திருப்பார். ஏன் முப்பதால் பெருக்கக்கூடாது? வட்டிக்கு வாங்கியவர்களுக்கு விடை தெரியும். இன்று கையில் வரும் ரூபாயும் இருபது ஆண்டு கழித்து வரும் ரூபாயும் ஒன்றில்லை. ஆண்டுக்கு 5 சதவீத வட்டி என்று வைத்துக்கொண்டால், அடுத்த ஆண்டு ஒரு ரூபாய் கிடைக்க இன்று 95 காசு போட்டால் போதும். பத்தாண்டு கழித்து ஒரு ரூபாய் வேண்டுமானால் இன்றைக்கு 61 காசு. இருபது ஆண்டுக்கு 38 காசு. முப்பதுக்கு வெறும் 23 காசு. தூரத்தில் நிற்கும் மலை கண்ணுக்குச் சின்னதாகத் தெரிவதுபோல, தூரத்து ரூபாயும் சிறுத்துப்போகிறது. முதல் ஆண்டிலிருந்து முப்பதாவது ஆண்டு வரை, ஆண்டுக்கொரு ரூபாய்க்கு இன்று போடவேண்டியதைத் தனித்தனியாகக் கணக்கிட்டு மொத்தமாகக் கூட்டிப் பாருங்கள். வருவது 15 ரூபாய் 37 காசு.

பதினைந்து வந்துவிட்டது.

இந்த வித்தையை வயதோடு முடிச்சுப் போட்டவர்களில் முன்னோடி எட்மண்ட் ஹாலி. வால்மீனுக்குப் பெயர் கொடுத்தாரே, அவரேதான். ஜவ்வாது மலையின் காவலூரில் இருக்கும் வானாய்வுக்கூடத்துக்குப் போய்வந்த பிள்ளைகளுக்கு அவர் பெயர் தெரிந்திருக்கும். பிரெஸ்லாவ் என்ற நகரத்தில் (இன்று அது போலந்தில் இருக்கிறது) ஒரு பாதிரியார் 1687 முதல் 1691 வரை பிறப்பையும் இறப்பையும் வயதுவாரியாகக் குறித்துவைத்திருந்தார். அந்தக் கணக்கு ஹாலியின் கைக்கு வந்தது. இந்த வயதுக்காரர் அடுத்த ஆண்டு உயிரோடு இருக்க வாய்ப்பு எவ்வளவு, அதற்கடுத்த ஆண்டு எவ்வளவு என்று ஒவ்வொன்றாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் வட்டியால் சுருக்கி, கூட்டினார். ஆண்டுக்கு ஒரு பவுண்டு வீதம் சாகும்வரை வாங்குவதற்கு இன்று மொத்தமாக என்ன விலை கொடுக்கலாம் என்ற அட்டவணையை 1693இல் வெளியிட்டார். வட்டி 6 சதவீதம். அதில் நாற்பது வயதுக்கு 10.57. அறுபத்தைந்துக்கு 6.54. எழுபதுக்கு 5.32.

நம் தீர்ப்பாயங்களின் அட்டவணையில் 61 முதல் 65 வயது வரை 7. அதற்கு மேல் 5. முன்னூற்றுப் பதினாறு ஆண்டு இடைவெளி, இரண்டு கண்டம். முதுமையில் எண்கள் தோள் தொட்டு நிற்கின்றன. நம் நீதிபதிகள் ஹாலியைப் பார்த்து எழுதவில்லை. ஒரே கேள்வியை நேர்மையாகக் கேட்டால் விடை அக்கம்பக்கத்தில்தான் வந்து நிற்கும் போலிருக்கிறது. இளவயதில் மட்டும் நம்முடைய எண் பெரியது. பிரெஸ்லாவில் மனிதர்கள் சீக்கிரம் செத்தார்கள். ஹாலி எடுத்த வட்டியும் கூடுதல்.

நம்முடைய அட்டவணை 2009 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் கொடுத்தது. சர்ளா வர்மா தீர்ப்பு என்றால் வக்கீல் குமாஸ்தாவுக்குக்கூடத் தெரியும். இறந்தவர் வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தில் வேலை பார்த்த ஒரு விஞ்ஞானி. டெல்லிப் போக்குவரத்துக் கழகப் பேருந்து சம்பந்தப்பட்ட விபத்து, 1988இல் நடந்தது. அவருக்கும் வயது 38. இருபத்தோரு ஆண்டு கழித்து வந்த அந்தத் தீர்ப்பில் நீதிபதி ரவீந்திரன் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவைத்தார். அதுவரை தீர்ப்பாயத்துக்குத் தீர்ப்பாயம் வேறு வேறு எண்ணால் பெருக்கிக்கொண்டிருந்தார்கள். 1994இல் சட்டத்திலேயே அச்சிட்டுச் சேர்த்த ஓர் அட்டவணையில் கூட்டல் பெருக்கல் பிழைகள் இருந்தன. அதை அப்படியே நம்ப முடியாது என்று 1996இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருந்தது. சர்ளா வர்மாவில் ஏற்பாடு எளிமையானது. இருபத்தைந்து வயது வரை 18. பிறகு ஐந்து வயதுக்கு ஒன்று குறையும். ஐம்பது வயதில் 13. அதற்குமேல் இரண்டிரண்டாகக் குறையும்.

கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். நம் பெண்மணியின் வருமானம் மாதம் 10,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது என்று வைப்போம். உயிரோடு இருந்திருந்தால் கூலி அதே அளவில் நின்றிருக்காது. அதற்காக, நாற்பதுக்குக் கீழே உள்ள கூலிக்காரர், சொந்தத் தொழில்காரர் என்றால் 40 சதவீதம் கூட்டவேண்டும் என்று 2017இல் ஐந்து நீதிபதிகள் அமர்ந்த பிரணய் சேத்தி தீர்ப்பு சொல்கிறது. 14,000 ஆயிற்று. அவர் தனக்கென்று செலவழித்திருப்பதைக் கழிக்கவேண்டும். நம்பியிருப்பவர்கள் நான்கு முதல் ஆறு பேர் என்றால் கால் பங்கு. இரண்டு மூன்று பேர் என்றால் மூன்றில் ஒன்று. மணமாகாத பிள்ளை இறந்தால் பாதி. எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சட்டியை வழித்துச் சாப்பிடும் தாய் கால் பங்கைத் தனக்கு எடுத்துக்கொண்டிருப்பாள் என்பதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் சட்டம் அதுதான். மீதி 10,500. ஆண்டுக்கு 1,26,000. பதினைந்தால் பெருக்கினால் 18,90,000.

இந்தப் பணத்தை 5 சதவீத வட்டிக்குப் போட்டு, ஆண்டுதோறும் 1,26,000 எடுத்துச் செலவழித்தால் ஏறத்தாழ 28 ஆண்டு ஓடும். வட்டி 6 சதவீதம் என்றால் 39 ஆண்டு. ஏழை வீட்டில் மொத்தப் பணமும் ஒரே நாளில் வந்து நின்றால் கடன்காரன், உறவுக்காரன், தரகன் எல்லாரும் வந்து நிற்பார்கள் என்பதும் நீதிமன்றங்களுக்குத் தெரியும். அதனால்தான் பிள்ளைகளின் பங்கை வங்கியில் வைப்புத்தொகையாகப் போட்டு, பதினெட்டு வயது நிரம்பும்வரை பூட்டிவைக்கச் சொல்கிறார்கள். இந்தத் தொகை போக, ஈமச்செலவுக்கு 15,000, சொத்திழப்புக்கு 15,000, துணையை இழந்ததற்கு 40,000 என்று சில நிலையான தொகைகள் உண்டு. மூன்றாண்டுக்கு ஒருமுறை பத்து சதவீதம் கூடும். அந்த 40,000 மனைவிக்கோ கணவனுக்கோ மட்டும் உரியதில்லை, தாயை இழந்த பிள்ளைக்கும் பிள்ளையை இழந்த தாய்க்கும் உண்டு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் விரித்துக் கொடுத்தது.

மேலே உள்ள கணக்கில் முதல் வரியை மறுபடி பாருங்கள். ‘மாதம் 10,000 என்று தீர்ப்பாயம் ஏற்றுக்கொள்கிறது.’ எல்லாம் அந்த ஒரு வரியில் தொங்குகிறது. விஞ்ஞானிக்குச் சம்பளச் சீட்டு இருந்தது. களை எடுக்கிறவருக்கு யார் சீட்டுக் கொடுப்பார்? காப்பீட்டு நிறுவனத்தின் வக்கீல் குறுக்கு விசாரணையில் கேட்கிற முதல் கேள்வியே, ‘வருமானத்துக்கு ஆதாரம் ஏதும் தாக்கல் செய்யவில்லை என்றால் சரிதானே?’ என்பது. ஆமாம் என்று சொல்லிவிட்டு கணவர் கூண்டிலிருந்து இறங்குவார். மாத வருமானத்தில் ஓராயிரம் ரூபாய் குறைத்துப் பிடிக்கப்பட்டால் கடைசித் தொகையில் எவ்வளவு குறையும் தெரியுமா? 1,89,000 ரூபாய். பெருக்கல், பெரியதைப் பெருக்குவதுபோலவே குறையையும் பெருக்கும்.

காய்கறி விற்கிறவரிடம் வருமானச் சான்று கேட்பது நியாயமில்லை என்று 2014இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2008இல் நடந்த ஒரு விபத்துக்கு, தாள் எதுவும் இல்லாமலே, மாதம் 6,500 என்று எடுத்துக்கொண்டது. அது நல்ல வழிகாட்டல். ஆனால் எனக்கு ஆதங்கம் வேறு. தாள் இல்லை என்று நினைக்கிற வீட்டிலும் தாள் இருக்கிறது. பால் சொசைட்டி அட்டையில் ஒவ்வொரு வேளைக்கும் எத்தனை லிட்டர் என்று எழுதியிருக்கிறது. நூறு நாள் வேலை அட்டை இருக்கிறது. கூலி ஏறிய வங்கிப் புத்தகம் இருக்கிறது. மகளிர் குழுவில் கடன் வாங்கி மாதாமாதம் கட்டிய கணக்கு இருக்கிறது. கட்ட முடிந்தது என்றால் வருமானம் இருந்தது என்றுதானே பொருள்? மலைமேல் சாமையும் புளியும் தேனும் விற்றவருக்கு, வாங்கிய இடத்தில் பதிவு இருக்கக்கூடும். டிரங்குப் பெட்டியில் துணிக்கு அடியில் கிடக்கிற இந்த அட்டைகளை எடுத்துப்போய் வக்கீலிடம் கொடுக்கவேண்டும் என்று யாரும் சொல்வதில்லை. கருமாதி முடிந்ததும் சில வீடுகளில் இறந்தவரின் பொருள்களோடு அவையும் போய்விடுகின்றன.

வயதும் அப்படித்தான். நம் பெண்மணிக்கு வயது 41 என்று ஒரு தாளில் இருந்தால், பெருக்கெண் 14 ஆகும். கூட்டுகிற 40 சதவீதம் 25 ஆகிவிடும். மொத்தம் 15,75,000. மூன்று வயதில் மூன்று லட்சத்துப் பதினைந்தாயிரம் போயிற்று. ஆதார் எடுத்த அன்று பிறந்த தேதி தெரியாமல் குத்துமதிப்பாகச் சொன்னவர்கள் நம் ஊரில் எத்தனை பேர்! 2024 அக்டோபரில் உச்ச நீதிமன்றத்துக்கு இதே சிக்கல் வந்தது. ஆதாரில் 47, பள்ளி மாற்றுச் சான்றிதழில் 45. பெருக்கெண் 13 ஆவதா, 14 ஆவதா? ஆதார் அட்டை ஆளை அடையாளம் காட்டத்தான், வயதுக்குப் பள்ளிச் சான்றுதான் சரி என்று சொல்லி 14ஐ நிலைநிறுத்தியது. ஐந்தாம் வகுப்பில் நின்றுபோனவருக்கும் அந்தப் பள்ளியின் பதிவேட்டில் ஒரு வரி இருக்கும்.

சரி, வெளியில் வேலைக்கே போகாதவர் என்றால்? வீட்டில் ‘சும்மா’ இருந்தவர் என்றால்? இந்தக் கேள்விக்கு நம் சென்னை உயர் நீதிமன்றம் கொடுத்த விடைதான் எனக்கு மிகவும் பிடித்தது. 2009இல், ஒரு சிறுமிக்கான நஷ்டஈட்டு வழக்கில், நீதிபதி பிரபா ஸ்ரீதேவன் இல்லத்தரசியின் உழைப்பை எப்படி மதிப்பிடுவது என்று விரிவாக எழுதினார். ஆர். சூடாமணியின் சிறுகதைகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவரும் அவர்தான். வீட்டுக்குள் நடப்பதைச் சூடாமணியோடு சேர்ந்து பார்த்த கண் அது. அடுத்த ஆண்டே உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை எடுத்துக்காட்டிப் பேசியது. 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் இல்லத்தரசிகளைப் பிச்சைக்காரர்களோடும் கைதிகளோடும் ஒரே பட்டியலில் ‘உழைக்காதவர்’ என்று சேர்த்திருந்ததையும் அப்போது நீதிபதி கங்குலி கண்டித்தார். 2021இல் கணக்கே கையில் வந்துவிட்டது. அரசின் 2019ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லாத வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் அதற்கு நாளொன்றுக்குச் செலவிடுவது 299 நிமிடம், ஆண் 97. பிள்ளைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதற்குப் பெண் 134, ஆண் 76. உச்ச நீதிமன்றம் இந்த எண்களைத் தீர்ப்பில் எழுதி, இல்லத்தரசிக்கும் வருமானம் உண்டு, எதிர்கால உயர்வும் உண்டு என்றது. மாடு கறந்ததற்கு அட்டை இருக்கிறது. சோறாக்கியதற்கு இப்போது தீர்ப்பு இருக்கிறது.

யார் வழக்குப் போடலாம் என்பதில் கலசப்பாக்கத்துக்காரர்களுக்குத் தெரிந்த ஒரு கதையைச் சொல்லவேண்டும். ரதசப்தமியன்று அண்ணாமலையார் இந்த ஊர்ச் செய்யாற்றுக்குத் தீர்த்தவாரிக்கு வருகிறார். அதே அண்ணாமலையார் மாசி மகத்தன்று பள்ளிகொண்டாப்பட்டுக்குப் போவார். அங்கே வல்லாள மகாராஜாவுக்குத் திதி கொடுப்பார். பிள்ளையில்லாத அரசனுக்குத் தானே பிள்ளையாக வருவதாகச் சொன்னாராம். ரத்த உறவு கிடையாது, வாரிசுப் பட்டியலில் பெயர் கிடையாது. ஆனாலும் ஆண்டு தவறாமல் மகன் கடமை. சட்டமும் மெல்ல மெல்ல அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. 1855இன் சட்டம் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை என்று கோடு போட்டது. இறந்தவரின் சகோதரனும் கேட்கலாம் என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. மருமகன் வீட்டில் வாழ்ந்த மாமியாரும் சட்டப் பிரதிநிதிதான் என்று 2021இல் சொன்னது. நம் கணக்கில் மாமியாரைச் சேர்த்தது அந்தத் துணிச்சலில்தான். அவரைச் சேர்க்காவிட்டால் நம்பியிருப்பவர்கள் மூன்று பேர். கழிவு கால் பங்கிலிருந்து மூன்றில் ஒன்றாகிவிடும்.

இப்போது அந்தச் சரக்குப் பெட்டி. 2022 ஏப்ரல் 2, சனிக்கிழமை. ஜவ்வாது மலையின் திருப்பத்தூர்ப் பக்கம், புதூர்நாட்டை ஒட்டிய புலியூரிலிருந்து சேம்பறை ஆஞ்சநேயர் கோயிலுக்கு மக்கள் ஒரு சரக்கு வேனில் ஏறிப் போனார்கள். வண்டி மலைப்பாதையில் கவிழ்ந்து உருண்டது. 11 பேர் இறந்தார்கள். பெண்கள், சிறுமிகள். அந்தச் செய்தியைப் படித்த நாள் முதல் சோனிங்கின் கூரையில்லாத பெட்டிகள் என் மனதைவிட்டு அகலவில்லை. நூற்று எண்பது ஆண்டு கழித்தும், பயண வசதி இல்லாத இடத்து மக்கள் சாமான் ஏற்றும் இடத்தில் ஏறித்தான் போகிறார்கள்.

இதில் சட்டத்தின் ஒரு கடுமையான மூலை இருக்கிறது. ரோட்டில் நடந்துபோகிறவரை லாரி மோதினால் அவர் ‘மூன்றாம் நபர்’. காப்பீட்டு நிறுவனம் பணம் கட்டியாகவேண்டும். ஓட்டுநரிடம் உரிமம் இல்லாவிட்டாலும், பல வழக்குகளில், முதலில் குடும்பத்துக்குக் கட்டிவிட்டுப் பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள் என்று தீர்ப்பாயம் சொல்லும். ஆனால் சரக்கு வண்டியில் ஆளாக ஏறிப் போனவருக்கு அந்தப் பாதுகாப்பு பொதுவாகக் கிடையாது என்று 2003இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தன் சரக்கோடு கூடப் போகும் சரக்குக்காரருக்கு மட்டும் உண்டு. மற்றவர்களின் குடும்பம் வண்டிக்காரரிடம்தான் கேட்கவேண்டும். அந்த வண்டிக்காரரும் பல சமயம் அதே மலையில் கடனில் வண்டி வாங்கிய இன்னொரு ஏழைதான். மலைக்குப் போதுமான பேருந்து விடாததற்கு இந்தப் பெருக்கல் கணக்கில் ஒரு கட்டம் கிடையாது.

அந்த விபத்துக்கு முதல்நாள், 2022 ஏப்ரல் 1, நாடு முழுக்கப் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்திருந்தன. விபத்து நடந்த 48 மணி நேரத்தில் காவல்துறை முதல் விபத்து அறிக்கையைத் தீர்ப்பாயத்துக்கும் காப்பீட்டு நிறுவனத்துக்கும் அனுப்பவேண்டும்; 90 நாளில் விரிவான அறிக்கை. அந்த அறிக்கையையே குடும்பத்தின் மனுவாக எடுத்துக்கொள்ள வழி உண்டு. அன்றிலிருந்து இன்னொன்றும் வந்தது: குடும்பம் மனுப் போடுவதானால் விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் போடவேண்டும். 1994இல் ஒழிக்கப்பட்ட காலக்கெடுவைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தாய் செத்த வீட்டில் ஆறு மாதம் எப்படிப் போகும் என்று இதை எழுதியவர்கள் நினைத்துப் பார்த்திருக்கவேண்டும். காலம் கடந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காக மனுக்களைத் தள்ளவேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டிருக்கிறது. அந்த விதியை எதிர்த்த வழக்குகள் முடியும்வரைக்குமான ஆறுதல் அது. அதை நம்பிக் காத்திருக்காமல் ஆறு மாதத்துக்குள் போட்டுவிடுவதே நல்லது. விபத்து எங்கே நடந்திருந்தாலும், தாங்கள் குடியிருக்கும் பகுதிக்கான தீர்ப்பாயத்திலேயே போடலாம். பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போன மகன் அங்கே அடிபட்டு இறந்தால், கலசப்பாக்கத்துத் தாய் பெங்களூருக்கு அலையவேண்டாம், திருவண்ணாமலை போதும்.

இன்னும் ஒரு வகை இருக்கிறது. இருட்டில் அடித்துவிட்டு நிற்காமல் போன வண்டி. எண் தெரியாது, ஆள் தெரியாது, யாருக்கு எதிராக வழக்கு? இதற்கென்று சட்டத்தில் தனி வழி உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 2 லட்சம். முன்பு 25,000ஆக இருந்தது, அதே 2022 ஏப்ரல் முதல் கூடியது. பெருக்கெண் கிடையாது, வருமானம் கேட்பதில்லை. கோயம்புத்தூர் எலும்பு அறுவை மருத்துவர் ராஜசேகரன் சாலைப் பாதுகாப்புக்காக 2012இல் தொடுத்த பொதுநல வழக்கில், 2024 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இந்த வழியில் எத்தனை பேர் நடந்தார்கள் என்று பார்த்தது. 2022இல் நாட்டில் அடித்துவிட்டு ஓடிய விபத்துகள் 67,387. 2022–23 நிதியாண்டில் வந்த மனுக்கள் 205. பணம் பெற்றவை 95.

அறுபத்தேழாயிரத்துக்கு இருநூற்றைந்து. இப்படியொரு வழி இருப்பதையே காவல்துறை அந்தக் குடும்பங்களுக்குத் தெரிவிக்கவேண்டும் என்று நீதிமன்றம் அப்போது உத்தரவிட்டது. இந்த மனு கோர்ட்டுக்குப் போகவேண்டியதில்லை. வருவாய்த் துறையில் கோட்டாட்சியர், வட்டாட்சியர் நிலையில் உள்ள விசாரணை அதிகாரியிடம் கொடுக்கவேண்டும்; அவர் விசாரித்து மாவட்ட ஆட்சியருக்கு அனுப்புவார்; பணம் வங்கிக் கணக்கில் ஏறும். கலசப்பாக்கத்தில் தாலுகா ஆபீஸ் இருக்கிறது. சாதிச் சான்றுக்கும் பட்டாவுக்கும் ஜனங்கள் அன்றாடம் ஏறி இறங்குகிற படி அது.